புகை இல்லாமல் கத்தும் புகை அலாரம்: காசு செலவழிக்கும் முன் என்ன செய்யலாம்?

அதிகாலை மூன்று மணிக்கு வீட்டிலிருந்த நான்கு புகை அலாரங்களும் ஒன்றாகக் கத்தின. எழுந்து ஓடி எல்லா அறைகளையும் பார்த்தோம். தீ இல்லை, புகை இல்லை, கருகிய வாசனைகூட இல்லை. இரண்டு நிமிடத்தில் சத்தம் தானாக நின்றுவிட்டது. நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே நேரம், அதே கூச்சல்.

அடுத்த ஆறு வாரத்தில் எல்லாப் பேட்டரிகளையும் இரண்டு முறை மாற்றினேன். நன்றாக இருந்த ஒரு கருவியைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்கி மாட்டினேன். எலெக்ட்ரீஷியனை இரண்டு தடவை வரவழைத்தேன். கடைசியில் பார்த்தால், மாடிப்படிக்கு மேலே இருந்த கருவிக்குள் கடுகளவுச் சிலந்தி ஒன்று குடியேறியிருந்தது. வேக்யூம் கிளீனரில் அரை நிமிட வேலை, அவ்வளவுதான்.

எந்தக் கருவி, என்ன காரணம் என்று தெரிந்துகொள்ளாமலே சரிசெய்ய இறங்கியதுதான் நான் செய்த தப்பு. அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். செலவில்லாதவை முன்னால் இருக்கின்றன, காசு கேட்பவை பின்னால் வருகின்றன. முதல் ஆறு படிகளுக்கு ஒரு விடுமுறை நாள் காலை போதும்.

தேவையானவை: தலைக்கு மேல் எட்டுகிற உறுதியான ஏணி (சுழல் நாற்காலி வேண்டவே வேண்டாம்), மென்மையான பிரஷ் உள்ள வேக்யூம் கிளீனர், உலர்ந்த துணி, ஒட்டும் டேப், பேனா, ஒரு சின்ன நோட்டு. காதில் வைக்கப் பஞ்சும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகள் மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே 85 டெசிபல் கத்தும். நீங்களோ ஏணியில் ஏறி அதன் வாய்க்கு நேராகக் காதை வைக்கப் போகிறீர்கள்.

1. பொய் அலாரம்தானா என்று உறுதிசெய்யுங்கள்

நேற்றும் பொய்யாகத்தான் கத்தியது என்பதால் இன்றும் பொய்தான் என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து பாருங்கள். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய், அங்கிருந்து தீயணைப்புக்குப் போன் செய்யுங்கள். சுவிட்ச் போர்டு, சார்ஜரில் கிடக்கும் சாதனங்கள், அடுப்பு, மேல்மாடத்து வயர்கள் ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். நெருப்பு தெரியாமலே வெகுநேரம் புகைகிற தீயும் உண்டு.

எதுவுமே இல்லை என்று உறுதியானபிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

2. சத்தத்தை எண்ணுங்கள்

எத்தனை பீப், எவ்வளவு இடைவெளி என்று எண்ணினாலே பாதி விடை கிடைத்துவிடும். நான் இதைச் செய்யாமல்தான் முதல் செட் பேட்டரியை வீணடித்தேன்.

மூன்று பீப், சின்ன இடைவெளி, மறுபடி மூன்று பீப் என்று விடாமல் அடித்தால் அது புகை அலாரம். கருவிக்குள் ஏதோ ஒன்று புகையைப் போலத் தெரிகிறது. அது நிஜப் புகையாகவோ நீராவியாகவோ தூசியாகவோ பூச்சியாகவோ இருக்கலாம். பேட்டரி மாற்றுவதால் இது பெரும்பாலும் சரியாகாது.

முப்பது விநாடிக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை ஒரே ஒரு ‘கீச்’ என்றால் அது அலாரமே இல்லை. பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது கருவியின் ஆயுள் முடிந்துவிட்டது, அல்லது உள்ளே பழுது என்று கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் புகார் அது.

நான்கு சின்ன பீப், சில விநாடி அமைதி, மறுபடி நான்கு பீப் என்றால் அது கார்பன் மோனாக்சைடு அலாரம். சில கருவிகள் புகை, கார்பன் மோனாக்சைடு இரண்டையும் சேர்த்தே கவனிக்கும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எதுவும் தெரியவில்லையே, பொய்யாகத்தான் இருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. எல்லாரும் வெளியே காற்றோட்டத்துக்குப் போய், அங்கிருந்து அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் யாருக்காவது இருந்தால் அதையும் போனில் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையின் மற்றப் படிகள் நான்கு பீப்புக்குப் பொருந்தாது.

3. கத்துவது எது என்று கண்டுபிடியுங்கள்

கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். பெரும்பாலான கருவிகளின் சத்தம் 3,000 ஹெர்ட்ஸ் சுற்றிய உச்சஸ்தாயி. அந்த அதிர்வெண்ணில் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதுகளால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. போதாக்குறைக்குச் சுவர்களில் பட்டு எதிரொலிக்கும். ‘கண்டிப்பாக இந்த அறைதான்’ என்று வீட்டில் மூன்று பேர் மூன்று அறைகளைக் காட்டினால் ஆச்சரியமில்லை.

கீச் சத்தம் என்றால் ஒவ்வொரு கருவிக்கும் நேர்கீழே போய் ஒன்றரை நிமிடம் நில்லுங்கள், நடமாடாதீர்கள். தலைக்கு நேர் மேலிருந்து வரும்போது சந்தேகமே இருக்காது. எல்லாவற்றின் கீழும் நின்று பார்த்தும் சிக்கவில்லையா? அப்படியானால் அது கூரையில் இருக்கும் கருவியே இல்லாமல் இருக்கலாம். அலமாரியில் மறந்துபோன பழைய அலாரம், சுவரில் செருகிய கார்பன் மோனாக்சைடு கருவி, யூபிஎஸ் எல்லாம் இதே மாதிரி கீச்சிடும்.

முழு அலாரம் என்றால், கருவிகள் தனித்தனியானவையா அல்லது ஒன்றோடொன்று இணைத்தவையா என்பது முக்கியம். இணைத்த வீட்டில் ஒன்று கத்தினால் எல்லாமே கத்தும். கத்துகிற நேரத்திலேயே விளக்குகளைப் பாருங்கள். பல மாடல்களில், முதலில் தொடங்கிய கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் வேகமாக மினுக்கும். அதைக் கேட்டுக் கூடக் கத்துபவற்றில் அப்படி மினுக்காது. சில மாடல்கள் சத்தம் நின்ற பிறகும் ‘நான்தான் ஆரம்பித்தேன்’ என்று ஒரு விளக்கைத் தனியாகக் காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மாடல் எப்படி என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தேட முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. தொடங்கி வைத்த கருவியில் ‘ஹஷ்’ (சத்தத்தை அடக்கும்) பொத்தானை அழுத்தினால் பொதுவாக எல்லாமே அடங்கும். மற்றவற்றில் அழுத்தினால் அடங்காது. ஹஷ் அழுத்துவதால் கருவி அணைந்துபோவதில்லை. சுமார் பத்து நிமிடத்துக்கு அதன் உணர்திறன் குறையும், பிறகு தானே பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குள் அடர்ந்த புகை வந்தால் மீண்டும் கத்தும்.

என்னைப் போலத் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றிலும் மாறி மாறிப் பொத்தானை அழுத்தாதீர்கள். தடயம் அழிந்துவிடும். இரண்டு வாரத்தை நான் அப்படித்தான் தொலைத்தேன். போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியின் கீழும் நடந்துவிட்டு வந்து, பிறகு அடக்குங்கள். காலையில் நிதானமாகப் பார்க்கலாம்.

4. நோட்டில் எழுதுங்கள், கருவியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு முறை கத்தும்போதும் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், எந்தக் கருவி, எத்தனை பீப், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது. யாராவது வெந்நீரில் குளித்தார்களா, அடுப்பில் எண்ணெய் காய்ந்ததா, பூச்சி மருந்து அடித்தார்களா, ஹீட்டரோ ஏசியோ ஓடத் தொடங்கியதா, மின்சாரம் போய் வந்ததா? மூன்று நான்கு வரி சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு கண்ணில் படும். வாடகை வீடென்றால் இதே நோட்டுதான் பிறகு உங்கள் சாட்சி.

பிறகு, பகலில், கருவியைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலானவை இடப்பக்கமாகத் திருகினால் தட்டிலிருந்து வந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற கருவி என்றால் அதற்கு மின்சாரம் தரும் பிரேக்கரை முதலில் அணையுங்கள். பிறகுதான் பின்னால் உள்ள பிளாஸ்டிக் கனெக்டரை இழுக்க வேண்டும். இழுக்கும்போது கனெக்டரைப் பிடியுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வயருக்குச் சேதம் தெரிந்தாலோ, எந்தப் பிரேக்கர் என்றே தெரியாவிட்டாலோ அத்தோடு நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

பின்பக்க லேபிளில் மூன்று விவரங்கள் வேண்டும்.

தயாரித்த தேதி: புகை அலாரத்தின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. தயாரித்த நாளிலிருந்து எண்ண வேண்டும், மாட்டிய நாளிலிருந்து அல்ல. கடையில் இரண்டு ஆண்டு தூங்கிய கருவி என்றால் அந்த இரண்டு ஆண்டும் கணக்கில் சேரும். சில கருவிகளில் ‘இந்தத் தேதிக்குள் மாற்றவும்’ என்றே அச்சிட்டிருப்பார்கள். தேதி தாண்டியிருந்தால் சுத்தம், பேட்டரி என்று எதிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராக 8-ஆம் படிக்குப் போங்கள். தேதியே இல்லாத அளவுக்குப் பழையது என்றாலும் அப்படியே.

வகை: அயனியாக்க வகையா (மின்னோட்டத்தால் புகையை உணர்வது), ஒளிமின் வகையா (ஒளியால் உணர்வது), இரண்டும் சேர்ந்ததா? அயனியாக்க வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். லேபிளில் அந்தப் பெயரோ கதிரியக்கக் குறியோ இருந்தால் அந்த வகைதான்.

மாடல் எண்: கையேடு தொலைந்துபோயிருந்தால் இந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

லேபிளைப் போட்டோ எடுத்து, ரசீது, உத்தரவாத அட்டை ஆகியவற்றின் படங்களோடு ஒரே இடத்தில் வையுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய தேதியிலிருந்து கணக்காவதால் ரசீது இல்லாமல் பேச்சு நகராது. ஒவ்வொரு கருவியிலும் 1, 2, 3 என்று டேப் ஒட்டுங்கள். பின்னால் இது உதவும்.

5. கீச் சத்தம் என்றால்: பேட்டரி, பிறகு ஆயுள்

பேட்டரி ஏன் எப்போதும் நடுராத்திரியில் இறங்குகிறது என்று கேட்காதவர் கிடையாது. விடியும் முன்னர்தான் வீடு மிகவும் குளிர்ந்திருக்கும். குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையும். ஏற்கெனவே விளிம்பில் இருந்த பேட்டரி எச்சரிக்கை அளவுக்குக் கீழே போய்விடும். பகலில் வீடு சூடானதும் மறுபடி மேலே ஏறிச் சத்தம் நின்றுவிடும். தானாக நின்றதே என்று விட்டுவிட்டால் அடுத்த ராத்திரியும் விழித்திருக்க வேண்டியதுதான்.

மாற்றும்போது கையேட்டில் சொன்ன வகைப் பேட்டரியை மட்டும் போடுங்கள். ரீசார்ஜ் செய்யும் பேட்டரியைப் பெரும்பாலான கையேடுகள் வேண்டாம் என்றே சொல்கின்றன. அவை சும்மா இருந்தாலே இறங்கிவிடும். புதுப் பேட்டரி போட்டும் கீச்சிட்டால் வரிசையாகப் பாருங்கள்: பேட்டரி வாங்கி எத்தனை நாளாகிறது, முனைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா, பேட்டரி மூடி ‘கிளிக்’ என்று சாத்தியதா, புதுக் கருவியில் பிளாஸ்டிக் நாக்கை இழுத்துவிட்டீர்களா?

எல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் மீதமிருக்கும் மின்சாரத்தை இறக்கிப் பாருங்கள். பிரேக்கரை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, டெஸ்ட் பொத்தானை 15 முதல் 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருப்பது தீர்வதற்குள் ஒரு தடவை சின்னதாகக் கத்தக்கூடும், ஏணியில் பதறாதீர்கள். பிறகு புதுப் பேட்டரியைப் போட்டு, கனெக்டரை மாட்டி, பிரேக்கரைப் போடுங்கள். பழைய எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொண்டு கீச்சிடும் கருவிகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

பத்தாண்டுக்கென்று மூடி வரும் லித்தியம் பேட்டரிக் கருவிகளில் மாற்றுவதற்கு எதுவுமில்லை. கீச்சிடத் தொடங்கினால் கருவியையே மாற்ற வேண்டும். அதைத் திறக்க முயலாதீர்கள்.

6. மூன்று பீப் என்றால்: முதலில் சுத்தம் செய்யுங்கள்

நான் ஆறு வாரம் தாமதமாகச் செய்த வேலை இது.

ஒளிமின் கருவிக்குள் கறுப்பு அறை ஒன்று இருக்கும். அதில் ஒரு சின்ன விளக்கு, அதன் ஒளி நேராகப் படாத கோணத்தில் ஓர் உணர்வி. காற்று சுத்தமாக இருக்கும்வரை உணர்விக்கு ஒளி போகாது. புகை நுழைந்தால் அதன் துகள்களில் ஒளி சிதறி உணர்வியில் படும், அலாரம் அடிக்கும். தூசிப் படலத்திலும் சிலந்தி வலையிலும் நீராவித் துளியிலும் ஒளி அதே மாதிரிதான் சிதறும். உள்ளே நடமாடும் குட்டிப் பூச்சிக்கும் புகைக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. பூச்சி நகர்ந்துவிட்டால் அலாரமும் தானாக நின்றுவிடும். காரணமில்லாமல் கத்தி, காரணமில்லாமல் அடங்குகிற கருவியைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் முதல் சந்தேகம் பூச்சியின்மேல்தான்.

அயனியாக்க வகையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே சன்னமாக ஒரு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். புகைத்துகள் நுழைந்தால் அது குறையும், அலாரம் அடிக்கும். தூசியும் ஈரமும் இதையும் குழப்பும்.

சுத்தம் செய்யும் முறை: கருவியின் ஓரத்துத் துளைகளைச் சுற்றி மென்மையான பிரஷ் வைத்த வேக்யூம் கிளீனரை மெதுவாக ஓட்டுங்கள். பின்பக்கமும் விடாமல் செய்யுங்கள். கூரையில் கருவிக்குப் பின்னால் வயர் வரும் துளையையும் பாருங்கள். பூச்சிகளும் தூசியும் அந்த வழியாகவும் வரும். டப்பாவில் வரும் காற்றுத் தெளிப்பானைக் கையேடு அனுமதித்தால் மட்டும், ஓரத்திலிருந்து சின்னச் சின்ன வீச்சாக அடிக்கலாம். வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு கருவிக்கு ஐந்து நிமிடம், செலவு ஒன்றும் இல்லை.

செய்யக் கூடாதவை: தண்ணீர், சோப்பு, ஆல்கஹால் கலந்த திரவம், வாசனைத் தெளிப்பான், பூச்சி மருந்து. ‘உள்ளே பூச்சிதானே’ என்று மருந்தை நேராகத் துளையில் அடித்தால் கருவியே பாழாகிவிடும். மருந்தைக் கூரையில், கருவியிலிருந்து தள்ளித்தான் அடிக்க வேண்டும். கருவியின் வெளிக்கூட்டைத் திருகித் திறக்காதீர்கள், அயனியாக்க வகையை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கருவியின்மேல் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

வீட்டில் சுவர் தேய்ப்பது, தரை உடைப்பது, பெயின்ட் போன்ற வேலைகள் நடந்தால் அந்தந்த நாளின் வேலை நேரத்துக்கு மட்டும் கருவியை பிளாஸ்டிக்கால் மூடி, மாலையில் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள். மறந்துபோவதுதான் வழக்கமான தப்பு. வேலைக்காரர் போகும்போது அவிழ்த்துக் காட்டச் சொல்வது நல்ல ஏற்பாடு.

சுத்தம் செய்தபின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். சத்தம் வரவில்லை என்றால் அந்தக் கருவியை நம்ப வேண்டாம். எரியும் தாளைக் காட்டிச் சோதிப்பது தவறு, கரி உள்ளே படிந்து அடுத்த பொய் அலாரத்துக்கு வழி செய்யும். இதற்கென்றே சோதனைப் புகைத் தெளிப்பான் விற்கிறார்கள், தேவையென்றால் அதை வாங்கலாம்.

7. கருவி தப்பான இடத்தில் இருக்கிறதா?

உங்கள் நோட்டில் குளியல், சமையல், ஏசி என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் கருவியில் குறை இல்லை, இருக்கும் இடத்தில்தான் குறை. அளவு நாடாவை எடுங்கள்.

அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அயனியாக்க வகை சமையலில் எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்கே கத்திவிடும். சமையலறைக்கு அருகில் ஒளிமின் வகை நல்லது. அதைவிட, சமையலறைக்குள் புகை அலாரத்துக்குப் பதிலாக வெப்ப அலாரம் பொருத்தலாம். பல வெப்ப அலாரங்கள் சுமார் 57 டிகிரி செல்சியஸில்தான் கத்தும். ஆனால் வீட்டின் மற்ற இடங்களில் அது புகை அலாரத்துக்கு மாற்று அல்ல. படுக்கையறைப் பக்கம் புகை அலாரம் இருந்தே ஆக வேண்டும்.

குளியலறைக் கதவிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்கும் மேல் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். கதவைத் திறந்ததும் புரண்டு வரும் நீராவி நேராகக் கூரையைத்தான் தேடிப் போகும். மின்விசிறி இறக்கையின் நுனி, ஏசி காற்று வரும் வாய் இரண்டிலிருந்தும் அதே ஒரு மீட்டர். சுவரில் மாட்டினால் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கார் நிறுத்தும் அறை, சூடேறும் மேல்மாடம் போன்ற இடங்களைத் தவிருங்கள். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் சுமார் 4 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரைதான் சரியாக வேலை செய்யும். மாடலுக்கு மாடல் இது சற்று மாறும்.

பேட்டரிக் கருவியை நகர்த்துவது இரண்டு திருகாணி வேலை. வயரில் ஓடும் கருவியை நகர்த்த எலெக்ட்ரீஷியன் தேவை, கூரையில் பழைய துளையை அடைக்கவும் செலவாகும். அந்தச் செலவுக்கு முன், அதே இடத்தில் வகையை மாற்றிப் பார்க்கலாம். அயனியாக்கத்திலிருந்து ஒளிமின்னுக்கு மாறினாலே சமையல் தொல்லை பெரிதும் குறையும். குளிக்கும்போது வெளியேற்று விசிறியைப் போட்டு, முடிந்தபின்னும் பத்து நிமிடம் ஓடவிடுவது இலவச வைத்தியம்.

8. மாற்றும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

சுத்தம் செய்தும், இடம் சரியாக இருந்தும், ஒரே கருவி மறுபடி கத்துகிறதா? உடனே புதிது வாங்காதீர்கள். (ஆயுள் முடிந்த கருவிக்கு இந்தச் சோதனை தேவையில்லை, அதை மாற்றியே ஆக வேண்டும்.)

ஒரே மாடல் கருவிகள் இரண்டு இருந்தால் அவற்றை இடம் மாற்றி மாட்டுங்கள். டேப்பில் எழுதிய எண்கள் இங்கேதான் கைகொடுக்கும். தொல்லை கருவியோடு சேர்ந்து புது இடத்துக்குப் போனால் கருவி பழுது. தொல்லை பழைய இடத்திலேயே இருந்தால், நல்ல கருவி வந்தும் அங்கே கத்தினால், அந்த இடத்துக் காற்றோ ஈரமோ வயரிங்கோதான் காரணம். முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை கத்தியதோ, அதைப்போல மூன்று மடங்கு நாள் காத்திருங்கள். வாரம் ஒருமுறை கத்தியது என்றால் மூன்று வாரம். அதற்குள் ‘சரியாகிவிட்டது’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

வயரிங் சந்தேகம் என்றால் எலெக்ட்ரீஷியனிடம் நோட்டைக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, இணைப்பு வயரில் பழுதா, இதே பிரேக்கரில் வேறு பெரிய சாதனம் எதுவும் ஓடுகிறதா? முதல் தடவை எனக்கு வந்தவர் கீழே நின்று டெஸ்ட் பொத்தானைக் குச்சியால் அழுத்திப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொத்தானை நான் ஏற்கெனவே நூறு முறை அழுத்தியிருந்தேன்.

புதிது வாங்குவதென்றால்:

இணைத்த கருவிகளில் வேறு நிறுவனத்ததைக் கலக்காதீர்கள். கனெக்டர் பொருந்துவதுபோல இருந்தாலும் சமிக்ஞை பொருந்தாது. அதுவே புதுப் பொய் அலாரங்களுக்குக் காரணமாகலாம். நான்கும் ஒரே நேரத்தில் மாட்டியவை, ஒன்று ஆயுள் முடிந்து போகிறது என்றால் நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் மொத்தத்தில் மலிவு. இல்லாவிட்டால் எலெக்ட்ரீஷியனுக்கு நான்கு முறை கூலி. பெட்டியில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். தரக்குறியும் பாருங்கள். யூஎல் 217 என்ற அமெரிக்கத் தரநிலையின் 8-ஆம் பதிப்பின்படி வந்தவை, சமையல் புகைக்கு வீணாகக் கத்தாமலிருக்கவும் சோதிக்கப்பட்டவை. ஐரோப்பிய முறையில் ஈஎன் 14604 என்று இருக்கும். விலை மலிவாக இருந்து தரக்குறி எதுவும் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

மாற்று வரும்வரை அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் தனிக் கருவி ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிவிடுங்கள். பேட்டரியைப் பிடுங்கிவிட்டு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பது இந்த விவகாரத்திலேயே பெரிய பொறி. எங்கள் வீட்டிலும் அந்த ‘நாளை’ ஒன்பது நாள் நீண்டது.

9. வாடகை வீடு, அடுக்குமாடி என்றால்

கருவி யாருடைய பொறுப்பு, பேட்டரி யாருடைய பொறுப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும். வாடகை ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். வீட்டுக்காரருக்கு வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், நோட்டின் பக்கம், லேபிள் படம், வீடியோ மூன்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். ‘அலாரம் சரியில்லை’ என்று எழுதினால் பதில் வர நாளாகும். ‘மாடிப்படிக் கருவி, தயாரித்து 11 ஆண்டாகிறது, இந்த மூன்று தேதிகளில் கத்தியது’ என்று எழுதினால் ஆள் வருவார்.

கட்டடம் முழுவதும் ஒரே அமைப்பாக இருந்தால், அல்லது உங்கள் அலாரம் கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைந்திருந்தால், நீங்களாக எதையும் கழற்றாதீர்கள். கழற்றினாலே அங்கே எச்சரிக்கை போகும். சோதிக்கும் முன் அவர்களுக்குப் போன் செய்து சோதனை நிலையில் வைக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் மறுபடி சொல்லுங்கள். பொய் அலாரத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் அபராதம் விதிக்கும் ஊர்களும் உண்டு.

10. பழையதைத் தூக்கிப் போடும் முறை

அயனியாக்கக் கருவியை உடைக்கவோ எரிக்கவோ கூடாது. உங்கள் ஊரின் கழிவு விதியைக் கேளுங்கள், சில தயாரிப்பாளர்கள் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒளிமின் வகை பொதுவாக மின்னணுக் கழிவோடு போகும். லித்தியம் பேட்டரியைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். மூடிய பத்தாண்டுக் கருவிகளில் பேட்டரியை நிரந்தரமாக அணைக்கப் பின்பக்கம் ஒரு சின்னத் துளையோ நெம்புகோலோ இருக்கும், அதைச் செய்துவிட்டுப் போடுங்கள். சாதாரணக் கருவி என்றால் பேட்டரியை எடுத்தபிறகே பெட்டியில் வையுங்கள். நான் எடுக்காமல் வைத்தேன். புதுக் கருவி மாட்டிய அன்று ராத்திரி மறுபடி கீச். ஏணியோடு வீடு முழுவதும் சுற்றி, புதியவற்றின் கீழெல்லாம் நின்று பார்த்து, மூன்றாம் நாள்தான் பரணிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தேன்.